சென்னை வழி மலிவு டிக்கெட்: எங்கே பிழை வரும், அங்கே என்ன பார்ப்பது

கடைக்கு வருபவர்கள் முதலில் போனைத்தான் நீட்டுவார்கள். "தம்பி, கொழும்பில இருந்து எடுத்தா இவ்வளவு காட்டுது, சென்னையில இருந்து எடுத்தா எவ்வளவோ குறையுது. எடுப்பமா?"

நான் டிக்கெட் ஏஜண்ட் இல்லை. திருகோணமலையில் போட்டோகொப்பி, பிரிண்ட், ஒன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் வைத்திருக்கிறேன். டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க வந்தவர்களே டிக்கெட் குழம்பினாலும் என்னிடம் வருவார்கள். நடுச்சாமத்தில் சென்னையில் நின்றுகொண்டு வட்ஸ்அப்பில் அழைத்தவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப ஒரே பிழைகள்தான். அதனால் பிழை வாரியாக எழுதி வைக்கிறேன். லண்டன் மாதிரித் தூர ஊருக்குப் போக, கொழும்பு–சென்னைக்கு ஒரு டிக்கெட்டும் சென்னையிலிருந்து தொடங்கும் மலிவு டிக்கெட் ஒன்றும் தனித்தனியே எடுப்பதுதான் பெரும்பாலும் இந்த வழி. சென்னையில், திருச்சியில், சில வேளை கோலாலம்பூரில் பயணத்தைத் தொடங்கினால் ஏன் விலை குறைகிறது என்ற கதை இங்கே கிடையாது. உங்களுக்கு வந்திருக்கும் பிழை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

## திரையில் ஒரு விலை, காசு கட்டும் இடத்தில் வேறு விலை

முதலில் நாணயத்தைப் பாருங்கள். சென்னையில் தொடங்கும் டிக்கெட்டுக்கு விலை பெரும்பாலும் இந்திய ரூபாயில் வரும். திரையில் வெறுமனே 'ரூ.' என்று இருந்தால் நம்மவர்கள் இலங்கை ரூபாய் என்று நினைத்து மகிழ்ந்து விடுகிறார்கள். இது சிரிப்பாக இருக்கலாம், ஆனால் வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கதையோடு வருகிறார்.

நாணயம் சரி என்றால் அடுத்தது பெட்டி. குறைந்த கட்டண விமானங்களில் கையில் கொண்டுபோகும் 7 கிலோ மட்டும் அடங்கிய விலையை முன்னால் காட்டுவார்கள். கீழே போடும் பெட்டிக்குத் தனிக் காசு. இதை டிக்கெட் எடுக்கும்போதே சேர்ப்பதுதான் மலிவு, கவுண்டரில் போய்ச் சேர்த்தால் கூடும்.

அதுவும் சரி என்றால் கார்ட். "உங்கள் நாட்டு நாணயத்திலேயே கட்டுகிறீர்களா?" என்று அன்பாகக் கேட்கும் பக்கம் வந்தால், வேண்டாம் என்று போட்டு டிக்கெட்டின் நாணயத்திலேயே கட்டுங்கள். அந்த அன்புக்கு ஒரு விலை உண்டு.

கடைசியில் ஒரு கணக்கு. கடதாசியை எடுத்து, கொழும்பு–சென்னை போக வரக் காசு, இந்திய விசா, பெட்டி, தேவைப்பட்டால் ஒரு இரவு தங்க அறை, சாப்பாடு எல்லாவற்றையும் மலிவு டிக்கெட்டோடு கூட்டுங்கள். மிச்சம் பத்தாயிரம் பதினைந்தாயிரம் இலங்கை ரூபாய்தான் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். குடும்பமாக நான்கு பேர் போகிறீர்கள், மிச்சம் லட்சத்தைத் தொடுகிறது என்றால் அது வேறு கதை.

## கார்ட் ஏறவில்லை, அல்லது காசு போய்விட்டது, டிக்கெட் வரவில்லை

கார்ட் ஏறாவிட்டால்:

இந்திய இணையதளங்களில் காசு கட்டும் பக்கத்தில் யூ.பி.ஐ, ரூபே, அங்கேயுள்ள வங்கிகள் எல்லாம் வரிசையாக நிற்கும். நமக்கு அவை எதுவும் உதவாது. வெளிநாட்டுக் கார்ட் என்ற தெரிவைத் தேடுங்கள், சில தளங்களில் அது கீழே ஒளிந்திருக்கும். அதன் பிறகும் ஏறாவிட்டால் உங்கள் வங்கிக்கு அழைத்து வெளிநாட்டு ஒன்லைன் பாவனை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். பல டெபிட் கார்டுகளில் அது பூட்டித்தான் இருக்கும், கேட்டால் திறந்து விடுவார்கள்.

காசு வெட்டுப்பட்டு டிக்கெட் வராவிட்டால்: உடனே இரண்டாம் முறை கட்ட வேண்டாம். முதலில் மெயிலில் குப்பைப் பெட்டியைப் பாருங்கள். பிறகு ஆறு எழுத்து–எண் கொண்ட முன்பதிவுக் குறியீடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் விமானக் கம்பனியின் சொந்த இணையதளத்தில் அதையும் குடும்பப் பெயரையும் போட்டுத் திறவுங்கள். திறந்தால் இடம் பிடிபட்டிருக்கிறது என்று மட்டும் அர்த்தம். டிக்கெட் எழுதப்பட்டதா என்பதற்கு 13 இலக்க எண் ஒன்று வேண்டும். முதல் மூன்று இலக்கம் கம்பனியைச் சொல்லும்: ஸ்ரீலங்கனுக்கு 603, எயார் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் எயார்லைன்ஸுக்கு 618. குறைந்த கட்டண விமானங்கள் பலவற்றில் இந்த எண்ணே இருக்காது, அங்கே ஆறு எழுத்துக் குறியீடும் 'உறுதி' என்ற சொல்லும் போதும்.

13 இலக்க எண் கொடுக்கும் கம்பனியில் அது வராமல் ஒரு நாள் கடந்துவிட்டதா? அப்போது விற்றவரைப் பிடியுங்கள். ஒன்லைன் ஏஜன்சியில் எடுத்திருந்தால் விமானக் கம்பனி "எங்களிடம் வரவேண்டாம்" என்றுதான் சொல்லும். டிக்கெட் இல்லாமலே காசைப் பிடித்து வைத்திருந்தால் வங்கியில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

## டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட் மாதிரி இல்லை

தமிழ்ப் பெயர்களில் இது வராத வீடே இல்லை. அப்பாவின் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்ற சண்டை.

இலங்கைப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் ஒரு வரி, மற்றப் பெயர்கள் ஒரு வரி. டிக்கெட்டிலும் அதே பிரிப்பில் போட வேண்டும். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறோம், பள்ளிக்கூட இடாப்பில் எப்படி இருந்தது என்பதெல்லாம் இங்கே எடுபடாது.

பயப்படத் தேவையில்லாதவை: இரண்டு பெயரும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு வருவது, பெயரின் வாலில் 'எம்.ஆர்' அல்லது 'எம்.எஸ்' ஒட்டியிருப்பது, நீளமான பெயர் கடைசியில் வெட்டுப்பட்டிருப்பது. இவை எல்லாம் அவர்களின் கொம்பியூட்டர் செய்யும் வேலை.

ஓரிரு எழுத்துப் பிழை: டிக்கெட் எடுத்த அன்றே எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் திருத்துவார்கள்.

முன்பின் மாறியிருந்தால்: இதையும் திருத்துவார்கள். ஆனால் இரண்டு தனி டிக்கெட் எடுத்திருந்தால் இரண்டிலும் திருத்துங்கள். விசாவில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் இன்னொரு மாதிரி என்றால் குடிவரவில் நின்று விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

வேறு ஆளின் பெயர், அல்லது கல்யாணத்துக்குப் பிறகு புதுப் பாஸ்போர்ட் எடுத்துப் பெயரே மாறியிருந்தால்: நீங்களாகக் கைவைக்காமல் டிக்கெட் எழுதிய ஏஜண்டிடம் விடுங்கள். ரத்துச் செய்து புதிதாக எடுப்பதுதான் சில வேளை ஒரே வழி.

## கொழும்பில் ஏறப் போனால் "உங்கள் டிக்கெட் ரத்து" என்கிறார்கள்

இதில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அதிகம் காசு போனது இந்த இடத்தில்தான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா. மகள் லண்டனில் பிள்ளைப்பேற்றுக்கு இருக்கிறாள். சென்னை–கொழும்பு–லண்டன் டிக்கெட், கொழும்பு–லண்டன் டிக்கெட்டைவிடக் குறைவு. அதே விமானம், அதே இருக்கை. மருமகன் மூளையைப் போட்டார்: "பிளேன் கொழும்பு வழியாத்தானே போகுது. சென்னைக்குப் போகாம கொழும்பிலயே ஏறினா என்ன?" அக்கா சாமத்தில் வான் பிடித்து, இரண்டு பெட்டி நிறைய மிளகாய்த்தூள், அரிசிமா, கருவாடு எல்லாம் கட்டிக்கொண்டு கட்டுநாயக்க விமானநிலையத்துக்குப் போனார். கவுண்டரில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் சென்னையில் ஏறவில்லை, மிச்சம் எல்லாம் ரத்து என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் பறப்பும் அதோடு போய்விட்டது.

ஒரு டிக்கெட்டில் உள்ள பறப்புகளை எழுதியிருக்கும் ஒழுங்கில்தான் பறக்க வேண்டும். முதலாவதை விட்டால் பின்னால் உள்ளவை தாமாகவே விழும். அதனால்:

இன்னும் பறக்கவில்லை, முதல் துண்டு வேண்டாம் என்று இப்போதுதான் யோசிக்கிறீர்கள் என்றால், கம்பனிக்கு அழைத்துக் கேளுங்கள். விலையைத் திரும்பக் கணக்குப் பார்த்து வித்தியாசம் கேட்பார்கள். அந்தத் தொகை, சென்னைக்கு ஒருமுறை போய்வரும் செலவைவிடக் கூடவா குறைவா என்று பார்த்து முடிவெடுங்கள்.

சென்னைக்குப் போகும் வழியில் பிந்திவிட்டீர்கள், முதல் பறப்பைப் பிடிக்க முடியாது என்றால், விமானம் கிளம்புவதற்கு முன்பே அழையுங்கள். கிளம்பிய பிறகு அழைத்தால் நீங்கள் 'வராதவர்'. முன்பே அழைத்தால் 'மாற்றக் கேட்டவர்'. இரண்டுக்கும் காசில் பெரிய வித்தியாசம்.

ஏற்கனவே ரத்தாகிவிட்டது என்றால் கவுண்டரில் அழுது பயனில்லை. அங்கே இருப்பவருக்கு அதைத் திறக்க அதிகாரம் கிடையாது. கம்பனியின் டிக்கெட் விற்பனை மேசைக்குப் போங்கள். அங்கே புது டிக்கெட்டும் கேளுங்கள், பழையதில் திரும்ப வரக்கூடிய விமானநிலைய வரிப் பணத்தையும் கேளுங்கள். வரியைக் கேட்பவர்கள் குறைவு, அதனால் கொடுப்பதும் குறைவு.

திரும்பி வரும்போது கதை வேறு. லண்டன்–கொழும்பு–சென்னை என்று இருந்து கொழும்பிலேயே இறங்கிவிட்டால் ரத்தாவதற்குப் பின்னால் பறப்பு எதுவும் இல்லை. ஆனால் பெட்டி சென்னைக்குப் போய்விடும். கொழும்புக்கு மட்டும் பெட்டி போடக் கேட்டால் சில கவுண்டர்களில் போடுவார்கள், பலவற்றில் மாட்டார்கள். கம்பனிகளின் நிபந்தனையில் இதற்குத் தடையும் எழுதியிருக்கும். அடிக்கடி செய்யும் ஆட்களை நான் ஊக்குவிப்பதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வரும் மச்சான், முதல் தடவை ஒரு வழி டிக்கெட்டில் வந்து, கொழும்பு–லண்டன்–கொழும்பு என்று இங்கிருந்து தொடங்கும் டிக்கெட்டை எடுத்துப் போவார். அடுத்த முறை வருவது அந்த டிக்கெட்டின் இரண்டாம் பாதி. நல்ல வழிதான். ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: டிக்கெட் பொதுவாக முதல் பறப்பிலிருந்து ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், மலிவானவற்றில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று இன்னும் குறைவாக இருக்கும்.

## விசா இருக்கிறது என்கிறீர்கள், கவுண்டரில் இல்லை என்கிறார்கள்

முதலில் உங்களுக்கு இந்திய விசா வேண்டுமா என்று பாருங்கள்.

ஒரே டிக்கெட், பெட்டி கடைசி ஊர் வரை போட்டாயிற்று, அடுத்த சர்வதேச விமானம் 24 மணித்தியாலத்துக்குள், நீங்கள் விமானநிலையத்துக்கு வெளியே வரப்போவதில்லை: விசா இல்லாமல் மாறலாம்.

இரண்டு தனி டிக்கெட்: விசா வேண்டும். பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வெளியே வந்தாக வேண்டும்.

இடையில் சென்னை–டில்லி, சென்னை–மும்பை என்று உள்நாட்டுப் பறப்பு இருக்கிறது: விசா வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விசா எடுத்திருந்தும் பிரச்சினை என்றால் பெரும்பாலும் எத்தனை தரம் நுழையலாம் என்பதில்தான் இருக்கும். இந்திய ஈ-சுற்றுலா விசாவில் 30 நாள் விசா இரண்டு முறை நுழைய விடும். சென்னைக்குப் போவது ஒன்று, வெளிநாட்டிலிருந்து சென்னைக்குத் திரும்பி வருவது இரண்டு. சரியாகப் போதும். ஆனால் அந்த 30 நாள் முதல் தடவை இறங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். மகளைப் பார்க்க மூன்று மாதம் போகிறவருக்குத் திரும்பி வரும்போது விசா முடிந்திருக்கும். அவருக்கு ஒரு வருட விசாதான் சரி, அதில் பல தடவை நுழையலாம். காசு கூடத்தான். ஆனால் திரும்பி வர வழியில்லாமல் அங்கே நிற்பதைவிடக் குறைவு.

விண்ணப்பம் போட்டதாக வரும் மெயிலும் விசா கிடைத்ததாக வரும் மெயிலும் வேறு வேறு. 'வழங்கப்பட்டது' என்ற நிலை வந்த கடதாசியைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வையுங்கள். 30 நாள் விசாவுக்கு இறங்குவதற்குக் குறைந்தது நான்கு நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், நான் பத்து நாள் வைப்பேன். முகவரி 'கவ்.இன்' (gov.in) என்று முடியாத தளத்தில் காசு கட்டாதீர்கள். அரச தளம் மாதிரியே சோடித்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மடங்கு வாங்குபவர்கள் தேடலில் முதலில் வந்து நிற்பார்கள். 2025 ஒக்டோபர் முதல் வெளிநாட்டவர் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஒன்லைனில் வருகை அட்டை நிரப்பும் முறையும் வந்திருக்கிறது. அது இலவசம், அதற்குக் காசு கேட்கும் தளமும் போலி.

எல்லாம் சரியாக இருந்தும் கவுண்டரில் மறுத்தால், உங்கள் இரண்டாவது டிக்கெட் அவர்களின் திரையில் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். சென்னையிலிருந்து போகும் டிக்கெட், போகும் நாட்டின் விசா, இரண்டையும் கடதாசியில் காட்டுங்கள். அப்படியும் முடியாது என்றால் மேலதிகாரியைக் கேளுங்கள். விசா நிராகரிக்கப்பட்ட பழைய கதை ஏதாவது இருப்பவர்கள் இந்த வழிமுறையை மூடி வைத்துவிட்டு, முதலிலேயே விசா வேலை தெரிந்த ஆளிடம் போங்கள்.

## விமானநிலையத்துக்கே நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை

முதலில் நாளைப் பாருங்கள், பிறகு வீதியைப் பாருங்கள்.

டிக்கெட்டில் ஞாயிறு 00.40 என்றிருந்தால் நீங்கள் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது சனிக்கிழமை பகல். ஞாயிறு இரவு என்று நினைத்து வான் பிடித்து, இருபத்து மூன்று மணித்தியாலம் பிந்திப் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். சென்னை நேரமும் நம் நேரமும் ஒன்றுதான், சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணித்தியாலம் முன்னால். டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம்.

வீதி: கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போய், அங்கிருந்து நீர்கொழும்புப் பக்கம் திரும்பினால் கொழும்பு நகருக்குள் போகத் தேவையில்லை. ஆறு மணித்தியாலம் என்று வான்காரர் சொல்வார். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை வீதியில் நின்றால் அதற்குக் கோர்ன் அடித்துப் பயனில்லை, நிற்க வேண்டியதுதான். நான் எட்டு மணித்தியாலம் வைத்துக் கிளம்பச் சொல்வேன். இரவு ரயில் நல்லது, ஆனால் அது கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து திரும்பக் கட்டுநாயக்க வர ஒரு மணித்தியாலம் தனியாக வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலையமும் ஒரு வழி. 2019 இல் சர்வதேச விமானநிலையமாகத் திறந்தார்கள், இடையில் நின்று 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மறுபடி தொடங்கியது. வவுனியா வழியாகப் பஸ்ஸில் போகலாம். போவது சிறிய ஏ.டி.ஆர் விமானம், கிலோக் கணக்கில் கறார். ஒரு நாள் ரத்தானால் அடுத்தது எப்போது என்று முன்பே பார்த்து வையுங்கள்.

## சென்னையில் இறங்கியாயிற்று, அடுத்த விமானத்துக்கு நேரம் போதவில்லை

இங்கேதான் மனிதர் வியர்த்துப் போவார்கள். இரண்டு டிக்கெட்காரர் இறங்கியதும் செய்ய வேண்டியவை: குடிவரவு, பெட்டி, சுங்கம், வெளியே வருதல், புறப்பாட்டு வாசலில் திரும்ப நுழைதல், பெட்டி போடுதல், குடியகல்வு, பாதுகாப்புச் சோதனை. கொழும்பிலிருந்து பறந்து வந்த நேரத்தைவிட இந்த நடை நீளும். நான் குறைந்தது ஆறு மணித்தியாலம் இடைவெளி வைப்பேன். கடைசி விமானம் என்றால் முதல் நாளே போய்த் தங்கச் சொல்வேன்.

### வரிசை அசையவில்லை

குடிவரவில் ஈ-விசாக்காரருக்குப் பெரும்பாலும் தனிக் கவுண்டர் உண்டு, பலகையைப் பாருங்கள். பெரிய வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்று முன்னுக்கு வந்த பிறகு "அந்தப் பக்கம் போங்க" என்று அனுப்பினால் மனம் உடைந்துவிடும். கைரேகை எடுப்பார்கள், வயதானவர்களின் விரலில் ரேகை பதியாமல் நேரம் போகும். ஈரத் துணியால் விரலைத் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். எங்கள் பெரியம்மாவுக்கு அது வேலை செய்தது.

தங்கும் முகவரி கேட்பார்கள். "டிரான்சிட்" என்று மட்டும் சொல்லாமல், அடுத்த டிக்கெட்டின் கடதாசியை நீட்டுங்கள்.

### வாசலில் காவலர் உள்ளே விடவில்லை

கட்டுநாயக்க பழக்கத்தில் நேரே நடந்து போனால் நிறுத்துவார்கள். இந்திய விமானநிலையங்களில் கட்டடத்துக்குள் நுழையவே டிக்கெட்டும் அடையாளமும் காட்ட வேண்டும். வாசலில் நிற்பவர்கள் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர், கெஞ்சல் எடுபடாது. முதலில்: டிக்கெட் போனில் இருந்து போன் அணைந்துவிட்டதா? அதற்குத்தான் கடதாசி. இரண்டாவது: டெர்மினல் சரியா? சர்வதேசப் பறப்புகளுக்கான புது டெர்மினல் 2 ஐ 2023 இல் திறந்தார்கள். பழைய ஞாபகத்தில் வழி சொல்லும் சொந்தக்காரரை நம்பாமல் டிக்கெட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். மூன்றாவது: மிகவும் முந்தி வந்திருந்தால் பொறுக்கச் சொல்வார்கள். வழியனுப்ப வந்தவர்கள் வெளியேதான் நிற்க வேண்டும், கண்ணீரையும் அங்கேயே முடித்துவிடுங்கள்.

### வைஃபை வேலை செய்யவில்லை

வைஃபைக்கு போன் நம்பர் கேட்டு ஒரு குறியெண் அனுப்பும். நம் சிம்மில் ரோமிங் இல்லாவிட்டால் அது வராது. கிளம்பும் முன் ரோமிங்கைத் திறந்து வையுங்கள், குறுஞ்செய்தி வாங்க மட்டும் போதும். அது முடியாது என்றால் தகவல் மேசையில் பாஸ்போர்ட் காட்டிக் கேளுங்கள். டிக்கெட், விசா எல்லாவற்றையும் போனில் படமாக எடுத்து வைத்திருந்தால் வைஃபை இல்லாமலே அலுவல் முடியும்.

### பாதுகாப்புச் சோதனையில் பையைப் பிடித்து வைத்துவிட்டார்கள்

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், கீழே போடும் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்கக் கூப்பிடுவார்கள். கொப்பறாத் தேங்காயை விடமாட்டார்கள், எண்ணெய் பிடித்து எரியும் பொருள் என்பது அவர்கள் கணக்கு. ஊறுகாய், நெய், தேன் எல்லாம் திரவக் கணக்கில் வரும், அவற்றைக் கீழே போடுங்கள். லைட்டர் போய்விடும், சண்டை பிடிக்க வேண்டாம். கழுத்தில் கனத்த தாலிக்கொடி போட்டுப் போகும் அம்மாமார் சுங்கத்தில் கேள்வி வரும் என்று எதிர்பார்த்து, பழைய நகை என்று காட்டக் கல்யாணப் படம், ரசீது ஏதாவது போனில் வைத்திருங்கள். கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள். பொருளை எடுத்து வைத்துவிட்டார்கள் என்றால் கையெழுத்து வைக்கும் முன் எழுத்தில் ரசீது கேளுங்கள். அதற்குமேல் வேலை வழக்கறிஞருடையது.

### கேட் முன் உட்கார்ந்திருந்தும் விமானம் போய்விட்டது

சென்னை 2022 ஓகஸ்டிலிருந்து 'அமைதி விமானநிலையம்'. யாரும் உங்கள் பெயரைக் கூவிக் கூப்பிட மாட்டார்கள். அறிவிப்பு வரும் என்று காத்திருந்து, மறு பக்கத்துக்கு கேட் மாறியது தெரியாமல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர். பாவம், கையில் புட்டுப் பார்சலோடு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் பாருங்கள். போனில் அலாரம் வையுங்கள். டிக்கெட்டில் இருப்பது விமானம் நகரும் நேரம், கேட் அதற்கு இருபது இருபத்தைந்து நிமிடம் முன்பே மூடிவிடும். பெட்டி போடும் கவுண்டர் இன்னும் முன்னால், சர்வதேசப் பறப்புக்குப் பொதுவாக ஒரு மணித்தியாலம் முன்பே.

## முதல் விமானம் பிந்தியது, இரண்டாவது போய்விட்டது

ஒரே டிக்கெட் என்றால் கவலை வேண்டாம். அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. மாற்றுப் பறப்பு மேசைக்குப் போங்கள். வரிசை நீளம் என்றால் வரிசையில் நின்றபடியே கம்பனிக்குப் போனும் எடுங்கள், எது முந்துதோ அது.

இரண்டு தனி டிக்கெட் என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. முதல் கம்பனி உங்களைச் சென்னையில் இறக்கியதோடு கடமை முடிந்தது என்கும். இரண்டாவது, நீங்கள் வரவில்லை என்கும். செய்யக்கூடியது: முதல் விமானம் கொழும்பில் பிந்தும்போதே, ஏறும் முன்பே, இரண்டாவது கம்பனிக்கு அழைத்து நாள் மாற்றுங்கள். பிந்தியதற்குக் கடதாசி ஒன்று முதல் கம்பனியிடம் கேட்டு வாங்குங்கள், பயணக் காப்புறுதி இருந்தால் அதைக் கேட்பார்கள். காப்புறுதி எடுக்கும்போதே, தனித்தனி டிக்கெட் தவறினாலும் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். பலவற்றில் செல்லாது.

## இரவு தங்க அறை தர மறுக்கிறார்கள்

"ஸ்ரீலங்காவா? ரூம் இல்லைங்க." முகத்தைப் பார்த்துத் தமிழில்தான் சொல்வார்கள், அதுதான் இன்னும் சுடும். காரணம் பெரும்பாலும் வெறுப்பு இல்லை, வேலை. வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணித்தியாலத்துக்குள் சி படிவம் என்ற ஒன்றை ஒன்லைனில் அனுப்ப வேண்டும். சின்ன லொட்ஜ்களில் அந்த வசதி இல்லை.

முன்பதிவு செய்யும் முன் போனில் "சி-ஃபார்ம் போடுவீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். போடுவோம் என்றால் சரி. திரிசூலம், பல்லாவரம் பக்கம் பாருங்கள், திரிசூலம் ரயில் நிலையம் விமானநிலையத்துக்கு எதிரேயே இருக்கிறது, மெட்ரோவும் விமானநிலையத்துக்குள்ளேயே வருகிறது. நடுச்சாமத்தில் மறுத்துவிட்டால் தெருத்தெருவாக அலையாமல், கொஞ்சம் காசு கூடினாலும் பெரிய ஹோட்டலுக்குப் போய்விடுங்கள்.

## பெட்டி வரவில்லை

பெட்டி போட்டதும் கவுண்டரில் ஒட்டிய பட்டியைக் கண்ணால் பாருங்கள். பெரிய எழுத்தில் மூன்றெழுத்து இருக்கும்: எம்.ஏ.ஏ என்றால் சென்னை, சி.எம்.பி என்றால் கொழும்பு, டி.ஆர்.இசட் என்றால் திருச்சி, ஜே.ஏ.எஃப் என்றால் யாழ்ப்பாணம். ஒரே டிக்கெட்டில் லண்டன் போகிறவரின் பட்டியில் எம்.ஏ.ஏ மட்டும் இருந்தால் பெட்டி சென்னையோடு நின்றுவிடும், அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். தனி டிக்கெட்காரருக்கு எம்.ஏ.ஏ தான் சரி, அவர் அதை எடுத்துத் திரும்பப் போட வேண்டும். இதை மறந்துவிட்டு நேரே அடுத்த விமானத்தில் ஏறியவரின் பெட்டி சென்னையில் பெட்டிகள் வரும் சுழல் பட்டையில் தனியே சுற்றிக்கொண்டிருந்தது.

பட்டை நின்றும் பெட்டி வராவிட்டால், முதலில் பெரிய பொதிகள் வரும் மூலையைப் பாருங்கள். கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள் அங்கேதான் வரும், நம்மவர் பெட்டிகளில் பாதி அந்த வகை. அதே நிறப் பெட்டி ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தால் யாரோ மாறி எடுத்துப் போயிருக்கிறார்கள், அதிலுள்ள பெயரைக் காட்டிச் சொல்லுங்கள்.

இரண்டும் இல்லை என்றால், சுங்கத்தைத் தாண்டி வெளியே வரும் முன்பே பெட்டி மேசையில் முறைப்பாட்டுப் படிவம் எழுதி, அதன் இலக்கத்தை வாங்குங்கள். "வீட்டுக்குப் போய் மெயில் போடுறன்" என்று வந்துவிட்டால் பாதி வழக்கு தோற்றமாதிரி. உடைந்த பெட்டிக்கு ஏழு நாளுக்குள், பிந்தி வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். முகவரியாகத் திருகோணமலை என்று மட்டும் எழுதாமல் போன் நம்பரையும் அருகிலுள்ள கோவில் அல்லது பள்ளிக்கூடத்தையும் எழுதுங்கள். கொண்டுவரும் வான்காரர் ஊருக்கு வெளியே நின்று அழைப்பார். இரவு பதினொரு மணிக்கு அழைத்தாலும் எடுத்துவிடுங்கள், எடுக்காவிட்டால் பெட்டி திரும்பக் கட்டுநாயக்க போய்விடும்.